இருபது வயதில் ஒரு சத்தியம்

உபகாரச் சம்பளம் பெற்றுப் படிக்கும் பிள்ளை, படிப்பு முடிந்ததும் இத்தனை ஆண்டுகள் அரசாங்கத்திற்கு வேலை செய்வேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது நம் வட்டாரப் பெற்றோருக்குப் பழகிப்போன ஒன்று. தகப்பனார் பேனாவை எடுத்து நீட்டுவார். காட்டிய இடத்தில் பிள்ளை கையெழுத்திடும். அந்தத் தாளில் என்னதான் எழுதியிருந்தது என்று சிலர் படித்துப் பார்ப்பது, நல்ல சம்பளத்தில் வேறொரு வேலை கைக்கு வரும்போதுதான்.

அமெரிக்க ராணுவக் கல்லூரிகளில் இந்தக் கையெழுத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் கல்லூரியில் சேரும் நாளில் அல்ல, இரண்டு ஆண்டுகள் கழித்து.

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி. நான்காண்டுப் படிப்பு. கட்டணம் கிடையாது, சாப்பாடும் தங்குமிடமும் அரசாங்கச் செலவு, மாதம் ஒரு சிறு சம்பளமும் உண்டு. சேரும்போதே நாட்டுக்கு விசுவாசமாக இருப்பதாகக் கேடட்டுகள் உறுதிமொழி எடுக்கிறார்கள். ஆனாலும், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒருவர் இது தமக்கு ஒத்துவராது என்று மூட்டையைக் கட்டினால் பாக்கி எதுவும் இல்லை. மூன்றாம் ஆண்டு தொடங்கும் ஆகஸ்டு மாதத்தில், தங்கிவிட்டவர்கள் எல்லாரும் ஒன்றாக எழுந்து நின்று மீண்டும் வலக்கையை உயர்த்துகிறார்கள். மிச்சமுள்ள இரண்டு ஆண்டுப் படிப்பை முடிப்பது, பட்டம் பெற்ற பிறகு குறைந்தது ஐந்து ஆண்டுகள் முழுநேர ராணுவப் பணி, அதன்பின் மூன்று ஆண்டுகள் சேமப்படை. இதுதான் வாக்கு. அதன்பிறகு பின்வாங்குகிறவர் சாதாரணச் சிப்பாயாகச் சில ஆண்டுகள் உழைத்துக் கழிக்க வேண்டிவரலாம், அல்லது படிப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டிவரலாம்.

வெஸ்ட் பாயிண்டில் இந்தச் சடங்குக்கு ‘அஃபர்மேஷன்’ என்று பெயர். அனாபொலிஸ் நகரில் உள்ள கடற்படைக் கல்லூரியில் இதையே ‘டூ ஃபார் செவன்’ என்பார்கள். கல்லூரியில் இரண்டு, கடற்படையில் ஐந்து, ஆக ஏழு ஆண்டுகளுக்குக் கையெழுத்து என்று பொருள்.

இத்தனை கணக்கும் சட்டமும் ஒரே நாளில் வந்தவை அல்ல. கொடுத்த வாக்கு மீறப்பட்ட ஒவ்வொரு முறையும் அமெரிக்கர்கள் அந்த வாக்கைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். வெஸ்ட் பாயிண்டின் வரலாற்றை அந்தத் திருத்தங்களின் வரலாறாகவே படிக்கலாம்.

கல்லூரி வருவதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு சத்தியம் முறிந்திருக்கிறது என்பது விசித்திரம். அமெரிக்க விடுதலைப் போரின்போது வெஸ்ட் பாயிண்ட் ஒரு கோட்டை. 1780-இல் அதன் தளபதி பெனடிக்ட் ஆர்னல்ட். போர்க்களத்தில் பெயர் வாங்கிய வீரர். கோட்டையைப் பிரிட்டிஷாருக்கு விற்க அவர் பேசிய பேரம் அவ்வாண்டு செப்டம்பரில் அம்பலமானது. ஆர்னல்ட் எதிரியின் கப்பலில் ஏறித் தப்பிவிட்டார். இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1778-இல், வேலி ஃபோர்ஜ் முகாமில் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவர் அவர். அந்தத் தாள் அவரைத் தடுக்கவில்லை.

அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் காலத்தில், 1802-இல், அதே இடத்தில் ராணுவக் கல்லூரி தொடங்கியது. 1812-ஆம் ஆண்டுச் சட்டம்தான் கேடட்டுகளை முதன்முதலில் ஆண்டுக் கணக்கில் கட்டிப்போட்டது. பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதத்தோடு ஐந்து ஆண்டு சேவைக்குக் கையெழுத்திட வேண்டும் என்றது அது. ஐந்து ஆண்டு என்பது சேர்ந்த நாளிலிருந்து. நான்கு ஆண்டு படிப்பிலேயே போய்விடும். நாட்டுக்குக் கிடைப்பது ஓராண்டு!

பெற்றோர் சம்மதம் என்ற அந்தச் சிறு விதியில் ஓர் இலக்கியவாதி சிக்கிக்கொண்டார். எட்கர் ஆலன் போ. பிற்காலத்தில் திகில் கதைகளாலும் துப்பறியும் கதைகளாலும் உலகப் புகழ் பெற்ற அதே போதான். 1830-இல் வெஸ்ட் பாயிண்டில் சேர்ந்த அவருக்குச் சில மாதங்களிலேயே வெறுத்துவிட்டது. விலக வேண்டுமானால் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. வளர்ப்புத் தந்தை ஜான் ஆலனுக்கோ அவர்மேல் தீராத கோபம். அனுமதி வரவில்லை. போ ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். அணிவகுப்புக்குப் போகவில்லை, வகுப்புக்குப் போகவில்லை, வழிபாட்டுக்கும் போகவில்லை. 1831 ஜனவரியில் ராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்து வெளியேற்றியது. அவர் விரும்பியதும் அதுதானே! அவருடைய கவிதை நூல் அச்சேற 131 சக கேடட்டுகள் பணம் போட்டார்கள் என்பது இதில் வேடிக்கை. நூலை அவர்களுக்கே காணிக்கையாக்கினார் போ.

ஒரு கவிஞர் போனால் ராணுவத்திற்கு நட்டமில்லை. பொறியாளர்கள் போனார்கள், அதுதான் சிக்கல். அந்நாளில் அமெரிக்காவில் பொறியியலை முறையாகக் கற்றுத்தந்த முதன்மையான கல்லூரி வெஸ்ட் பாயிண்ட். நாடெங்கும் ரயில் பாதை போடும் காலம். அரசாங்கம் படிக்கவைத்த இளைஞர்களை ரயில் நிறுவனங்கள் கூடுதல் சம்பளம் காட்டி அழைத்தன. 1819-இல் பட்டம் பெற்ற ஜார்ஜ் விஸ்லர் ராணுவச் சம்பளத்தில் இருந்தபோதே ரயில் பாதை வேலைகளுக்கு அனுப்பப்பட்டவர். 1833-இல் ராணுவத்தை விட்டு விலகினார். பிறகு ரஷ்யப் பேரரசர் அழைக்க, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரையும் மாஸ்கோவையும் இணைக்கும் ரயில் பாதையைப் போடப் போய்விட்டார். அவருடைய மகன் ஜேம்ஸ் விஸ்லரும் வெஸ்ட் பாயிண்டில் சேர்ந்தார். வேதியியலில் தோற்று 1854-இல் வெளியேற்றப்பட்டு, ஓவியராகிப் புகழ்பெற்றார். நாற்காலியில் அமர்ந்திருக்கும் தம் தாயை அவர் வரைந்த படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு.

அதே காலத்தில் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலங்களில் செமினோல் பூர்வகுடிகளுடன் போர் மூண்டிருந்தது. ஒரு பக்கம் கொசுவும் காய்ச்சலும், மறு பக்கம் ரயில் நிறுவனத்தின் சம்பளம். 1836-ஆம் ஆண்டில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் விலகினார்கள். மக்கள் வரிப்பணத்தில் தனியார் நிறுவனங்களுக்கு ஆள் தயாரிக்கவா ஒரு கல்லூரி என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் எழுந்தது. கல்லூரியையே மூடிவிட வேண்டும் என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். 1838-இல் காங்கிரஸ் ஐந்தை எட்டாக்கியது. படிப்பு நான்கு, பணி நான்கு.

மறு ஆண்டு சேர்ந்த ஒரு மாணவர், தகப்பனாரின் வற்புறுத்தலால் வந்தவர். கல்லூரியை மூடும் மசோதா நிறைவேறாதா, வீட்டுக்குப் போய்விடலாமே என்று செய்தித்தாளைத் தினமும் ஆவலோடு பார்த்ததாகப் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அவர் பெயர் யுலிசிஸ் கிராண்ட். உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படைகளின் தலைமைத் தளபதியாகி, பிறகு நாட்டின் அதிபராகவும் ஆனவர். மூடியிருந்தால் என்னவாகியிருக்கும்?

ஆண்டுக் கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் உறுதிமொழியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. யாருக்கு விசுவாசம்?

அக்கால ராணுவ உறுதிமொழியில் ‘ஐக்கிய மாநிலங்களுக்கு விசுவாசமாக இருந்து, அவற்றின் எதிரிகளுக்கு எதிராக அவற்றுக்குச் சேவை செய்வேன்’ என்ற பொருளில் வாசகம் இருந்தது. ‘அவற்றுக்கு’ என்று பன்மை. அதாவது ஒரு நாடு என்பதைவிட மாநிலங்களின் கூட்டு என்ற எண்ணமே மொழியில் பதிந்திருந்தது. அந்தக் கூட்டு உடைந்தால், கை உயர்த்திய இளைஞன் எந்தப் பக்கம் நிற்பான்? பல ஆண்டுகள் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்டு விடை எழுதி வைக்கவில்லை.

1860 நவம்பரில் ஆப்ரகாம் லிங்கன் அதிபர் தேர்தலில் வென்றார். அடிமை முறையை விட மனமில்லாத தென் மாநிலங்கள் பிரிந்துபோக முனைந்தன. அப்போது வெஸ்ட் பாயிண்டில் 278 கேடட்டுகள் இருந்தனர். அவர்களில் 86 பேர் தென் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே அறையில் தூங்கியவர்கள். தென் கரோலினாவைச் சேர்ந்த ஹென்றி ஃபார்லி என்ற மாணவர் நவம்பர் மாதமே விலகினார். அவருடைய மாநிலம் அதுவரை அதிகாரபூர்வமாகப் பிரியக்கூட இல்லை. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். அந்த 86 பேரில் 65 பேர் போர் காரணமாக விலகினார்கள் அல்லது விலக்கப்பட்டார்கள். மீதி 21 பேரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. உறவினரும் அண்டை அயலாரும் எதிர்ப்பக்கம் நிற்க, கொடுத்த வாக்கோடு அங்கேயே தங்கிய பிள்ளைகள் அவர்கள். போனவர்களின் கதைகள்தான் நாவலாகவும் திரைப்படமாகவும் வந்திருக்கின்றன.

ஆசிரியர்களின் நிலைமை இன்னும் மோசம். லூசியானாவைச் சேர்ந்த போரெகார்ட் 1861 ஜனவரியில் கல்லூரித் தலைவராகப் பொறுப்பேற்றார். அவருடைய மாநிலம் பிரிந்துபோகும் வேளை அது. அவர் எந்தப் பக்கம் என்பது தெரிந்துபோனதால் ஐந்தே நாளில் பதவி பறிபோனது. அடுத்த ஏப்ரல் 12-ஆம் நாள், தென் கரோலினாவின் சம்டர் கோட்டையைத் தாக்க உத்தரவிட்டவர் அதே போரெகார்ட். கோட்டைக்குள் இருந்த தளபதி மேஜர் ராபர்ட் ஆண்டர்சன், வெஸ்ட் பாயிண்டில் அவருக்குப் பீரங்கிப் பாடம் நடத்திய ஆசிரியர். மாணவர் பாடத்தை நன்றாகத்தான் கற்றிருந்தார். அன்று அதிகாலையில் சீறிய முதல் குண்டைச் சுட்டவர், கல்லூரியிலிருந்து முதலில் விலகிய அந்த ஹென்றி ஃபார்லிதான் என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுகின்றனர். கேடட்டாக இருந்தவர் ஐந்தாவது மாதத்தில், தான் பாதுகாப்பதாகச் சொன்ன கொடியின்மீது பீரங்கியைத் திருப்பியிருக்கிறார்.

இந்த இடத்தில் இரண்டு வர்ஜீனியாக்காரர்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பொருத்தம். ஒருவர் ராபர்ட் லீ. 1829-இல் வெஸ்ட் பாயிண்ட் பட்டதாரி, 1852 முதல் 1855 வரை அதன் தலைவர், 32 ஆண்டுகள் ராணுவப் பணி. 1861 மார்ச் மாதம் லிங்கன் அரசின் கையால் கர்னல் பதவி பெற்றார். வடபகுதிப் படைக்கே தலைமை ஏற்கும்படி ஏப்ரலில் அவருக்கு அழைப்பும் வந்தது. ஏப்ரல் 20-ஆம் நாள் விலகல் கடிதம் எழுதிவிட்டு வர்ஜீனியாவின் பக்கம் போனார். மற்றவர் ஜார்ஜ் தாமஸ். 1840-ஆம் ஆண்டுப் பட்டதாரி. அவரும் அதே மாநிலம்தான், அவர் குடும்பமும் அடிமைகளை வைத்திருந்த குடும்பம்தான். அவர் விலகவில்லை. 1863-இல் சிக்கமாகா போரில் படை சிதறிய வேளையில் தம் பிரிவோடு அசையாமல் நின்று ‘சிக்கமாகாவின் பாறை’ என்று பெயர் பெற்றார். வர்ஜீனியாவிலிருந்த அவருடைய சகோதரிகள், அவர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பிளவு கடைசிவரை ஆறவில்லை.

லீ முறையாக விலகிய பிறகுதானே எதிர்த்துப் போரிட்டார், இதில் சத்தியம் எங்கே மீறப்பட்டது என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. தாள் கணக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் அதே தாளில் அதே சட்டத்தின்கீழ் கையெழுத்திட்ட தாமஸ் வேறு விதமாகப் புரிந்துகொண்டாரே! பிறந்த மண்ணின் பாசத்தை அவருக்கு மட்டும் யாராவது அறுத்து எறிந்திருந்தார்களா என்ன? லீயின் படம் வெஸ்ட் பாயிண்டில் இருக்கலாமா கூடாதா என்ற வாதம் 160 ஆண்டுகள் கடந்தும் ஓயவில்லை.

அரசாங்கம் அப்போது வாதத்திற்குக் காத்திருக்கவில்லை. அரசாங்கச் செலவில் படித்தவர்களே அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிவிட்டார்களே என்று போர்த்துறை அமைச்சர் சைமன் கேமரன் தம் அறிக்கையில் குமுறினார். 1861 ஆகஸ்டு 3-ஆம் நாள் காங்கிரஸ் புதிய உறுதிமொழியைச் சட்டமாக்கியது. தேசிய அரசாங்கத்திற்கே உண்மையான விசுவாசம் என்றும், எந்த மாநிலத்திற்கோ மாவட்டத்திற்கோ வேறு நாட்டிற்கோ தாம் கடமைப்பட்டிருந்தாலும் அவை அனைத்திற்கும் மேலானது இதுவே என்றும் ஒவ்வொரு கேடட்டும் சொல்ல வேண்டும். மறுப்பவர் வெளியேற வேண்டும். ஓட்டை அடைபட்டது.

இன்றும் வெஸ்ட் பாயிண்டில் சேரும் 18 வயதுப் பிள்ளைகள் சொல்லும் சட்டபூர்வ உறுதிமொழியில் ‘தேசிய அரசாங்கம்’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. எந்த மாநிலத்தின் விசுவாசத்திற்கும் மேலாக என்ற பகுதியும் இருக்கிறது. மாநிலங்கள் பிரியும் என்று இப்போது யாரும் அஞ்சவில்லை. இருந்தும் 1861-இன் காயம் அந்த வாக்கியத்தில் தழும்பாக நிற்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்ற 1812-இன் விதியும் போகவில்லை.

பிந்திய நூறு ஆண்டுகளின் மாற்றங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். சேவை ஆண்டுகள் கூடியும் குறைந்தும் வந்தன. 1964-இல் ராணுவக் கல்லூரிகளை விரிவாக்கிய சட்டம், பட்டம் பெற்றபின் ஐந்து ஆண்டு என்று ஆக்கியது. வியட்னாம் போர் தீவிரமாகப்போகும் வேளை அது. 1966-இல் பட்டம் பெற்ற வகுப்பில் 30 பேர் அந்தப் போரில் மாண்டனர். 1976-இல் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். அவ்வாண்டு நுழைந்த 119 பெண்களில் 62 பேர் 1980-இல் பட்டம் பெற்றார்கள்.

இனி அந்த இரண்டு ஆண்டு அவகாசத்திற்கு வருவோம். இலவசமாக இரண்டு ஆண்டு படித்துவிட்டுக் கைகழுவ வழி வைத்திருப்பது ஏமாளித்தனம் என்று வாதிடலாம். போ காலத்து அனுபவம் வேறு கதை சொல்கிறது. மனமில்லாதவரை விதியைக் காட்டி நிறுத்தினால், அவர் வெளியேறுவதற்கு இன்னும் மோசமான வழி தேடுவார். 20 வயதில் ஒரு மாணவனை இழப்பது பணநட்டம். 23 வயதில் அவனே லெப்டினன்டாகி முப்பது சிப்பாய்களைப் போருக்கு அழைத்துப் போகும்போது, மனமில்லாமல் போனால்? அந்த நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கர்கள் கணக்குப் பார்த்தே பெருந்தன்மை காட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

கூடைப்பந்து ரசிகர்களுக்கு டேவிட் ராபின்சனைத் தெரிந்திருக்கும். கடற்படைக் கல்லூரியில் சேர்ந்த பிறகும் வளர்ந்துகொண்டே போய் ஏழு அடியை எட்டியவர். 1985-இல், இரண்டாம் ஆண்டு முடிவில், வேறு பல்கலைக்கழகத்திற்குப் போயிருந்தால் தொழில்முறை ஆட்டத்திற்கான வழி தடையில்லாமல் திறந்திருக்கும். கோடிக்கணக்கான டாலர் காத்திருந்தது. அவர் தங்கினார், கையெழுத்திட்டார். 1987-இல் சான் அன்டோனியோ குழு அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது, ஆனால் ஆட முடியவில்லை. கப்பலுக்குள் நடமாட முடியாத அளவு உயரம் என்பதால் கடற்படை அவருடைய பணிக்காலத்தை இரண்டு ஆண்டாகக் குறைத்தது. குழுவும் காத்திருந்தது. 1989-இல் களமிறங்கினார். ரசிகர்கள் அவருக்கு ‘அட்மிரல்’ என்று பட்டம் கொடுத்தார்கள். கடற்படையில் அவர் எட்டியது இளநிலை லெப்டினன்ட் பதவி.

ராபின்சன் கையெழுத்திட்டது அமைதிக் காலத்தில். போர்க்காலத்தில் அந்த ஆகஸ்டு மாதம் வந்தால் எப்படி இருக்கும்?

2001 ஆகஸ்டில் மூன்றாம் ஆண்டு கேடட்டுகள் வழக்கம்போல் உறுதிமொழி எடுத்தார்கள். சில வாரங்களில் செப்டம்பர் 11 வந்தது. வெஸ்ட் பாயிண்டிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் நியூயார்க் நகரின் இரட்டைக் கோபுரங்கள் சரிந்தன. அவர்களுக்குக் கதவு ஏற்கெனவே மூடியிருந்தது.

ஆனால் அந்த ஆண்டு கோடையில் புதிதாகச் சேர்ந்திருந்த முதலாண்டு மாணவர்களுக்குக் கதவு இன்னும் இரண்டு ஆண்டுகள் திறந்தே இருந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் பிற்பாடு அவர்களை ‘9/11 வகுப்பு’ என்று அழைத்தன. அமைதிக் காலத்தில் விண்ணப்பம் அனுப்பியவர்கள் அவர்கள். ஆப்கானிஸ்தான் போர் தொடங்கியதைப் பார்த்தார்கள். 2003 மார்ச்சில் ஈராக் போர் தொடங்கியதையும் பார்த்தார்கள். முந்தைய ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போன அண்ணன்மார்களைப் பற்றிய செய்திகள் கல்லூரிக்கு வரத் தொடங்கின. அதன்பிறகு, 2003 ஆகஸ்டில், அவர்களுடைய முறை வந்தது. எழுந்து போக நினைத்தவர்களை யாரும் தடுத்திருக்க முடியாது.

கை உயர்த்தியவர்களில் எமிலி பெரஸ் என்ற கேடட்டும் ஒருவர். ஓட்டப்பந்தய வீராங்கனை, தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர், மாணவர் படையில் உயர்ந்த பொறுப்பை எட்டிய முதல் சிறுபான்மை இனப் பெண்களில் ஒருவர். 2005-இல் பட்டம் பெற்று லெப்டினன்ட் ஆனார். ஐந்து ஆண்டுக் கணக்கில் ஓராண்டும் சில மாதங்களும் கழிந்திருந்தன. 2006 செப்டம்பர் 12-ஆம் நாள், ஈராக்கில் அல் கிஃப்ல் அருகே வாகன அணியை நடத்திச் சென்றபோது சாலையோரக் குண்டு வெடித்து இறந்தார். வயது 23. ஈராக்கில் உயிரிழந்த முதல் வெஸ்ட் பாயிண்ட் பெண் பட்டதாரி அவர். 9/11 வகுப்பின் முதல் பலியும் அவரே.

அவரை வெஸ்ட் பாயிண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். சம்டர் கோட்டையைக் காத்து நின்ற மேஜர் ஆண்டர்சனும் அங்கேதான் இருக்கிறார். அந்தச் செப்டம்பரில் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர்கள், அதற்கு முந்தைய மாதம்தான் இரண்டாவது முறை கை உயர்த்தியிருந்தார்கள்.